தறியும் நாற்காலியும்: ஓய்வுக்கால உளவியல்

(எடப்பாடியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எடப்பாடி நெசவாளர் ஊர். சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர் வழியே வரும் சரபங்கா ஆறு இவ்வூரைத் தொட்டுச் சென்று காவிரியில் கலக்கிறது. ஆற்றில் நீர் ஓடாத நாள்கள் பல உண்டு. தறியோசை கேளாத நாள் அரிது. கைத்தறியின் தட்டோசை தேய்ந்து விசைத்தறியின் இரைச்சல் மிகுந்துவிட்டது என்றாலும், பழைய நெசவு வீடு ஒன்றை நினைவில் வைத்திருப்போர் இந்த அவையில் பலர் இருப்பர். அந்த வீட்டில் யாரும் ஓய்வு பெற்றதில்லை. குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் கால் தளர்ந்தபோது தந்தை தறியை மகனுக்கு விட்டுக்கொடுத்து, பாவு பிணைக்க உட்கார்ந்தார். இழை பிணைக்கும் கண் மங்கியபோது இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றினார். கையும் நடுங்கத் தொடங்கியபோது திண்ணையில் இருந்தார். ஆயினும் உள்ளே ஓடும் தறியின் ஓசை சற்றே மாறினாலும், 'என்னவென்று பார்' என்று குரல் கொடுத்தார். வேலை அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, வயதுக்கேற்ற உருவில் உடன் வந்தது.

அதே தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியருக்கோ வட்டாட்சியர் அலுவலக உதவியாளருக்கோ வாழ்வு இப்படி அமைவதில்லை. மாதத்தின் கடைசி நாள் மாலை ஐந்தே முக்கால் மணி வரை அவர் அலுவலர். ஆறு மணிக்கு 'முன்னாள்' என்னும் அடைமொழி வந்து ஒட்டிக்கொள்கிறது. முப்பது ஆண்டுகள் செய்த வேலையை விட்டு ஒரே மாலையில் மாலையும் பொன்னாடையுமாக வெளியேறுகிறார். அன்று அவருக்குத் தரப்படும் பரிசுகளுள் சுவர்க் கடிகாரம் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும். இனி மணி பார்க்கும் தேவையே இல்லாதவருக்குக் கடிகாரம் தருவது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நெசவு வீட்டின் கதையைப் பொற்காலக் கதையாகப் பாடிவிடவும் கூடாது. முதிய நெசவாளர் தார் சுற்றியது உளநலத்துக்காக அன்று. சுற்றாவிட்டால் கூலி குறையும் என்பதற்காக. குழித்தறியின் ஈரத்தில் முழங்காலும், பஞ்சுத் தூசியில் மூச்சும், இழையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கெட்டன. விசைத்தறிக் கூடத்தில் அந்தப் படிப்படியான இறக்கமும் இல்லை. ஓட்ட முடிந்தவரை ஓட்டுவார். முடியாத நாளில் வேறொருவர் அந்த இடத்தில் நிற்பார். மாலை கிடையாது, கடிகாரமும் கிடையாது. நாற்காலியை இழப்பவருக்கு ஊதியத்தின் ஒரு பகுதியேனும் வருகிறது. தறியை இழப்பவருக்கு அதுவும் அரிது. ஓய்வுக்கால உளவியல் என்று பேசும் நூல்கள் பெரும்பாலும் முன்னவருக்காக எழுதப்பட்டவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நேர்மை.

தமிழ்ப் புலவர்கள் கூடிய அவையாதலின் சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். 'ஓய்வு' என்ற சொல் களைப்பையும் களைப்பு நீக்கத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. 'பணி நிறைவு' என்று அழைப்பிதழ்களில் அச்சிடும் வழக்கம் அந்தக் களைப்புக் குறிப்பை மறைப்பதற்காகவே வந்தது போலும். ஓய்வூதியத்துக்கு முன்பு வழங்கிய சொல் 'உபகாரச் சம்பளம்'. அரசு இரங்கிக் கொடுக்கும் கொடை என்ற எண்ணம் அச்சொல்லிலேயே இருந்தது. 1982 திசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வூதியம் உபகாரம் அன்று, செய்த பணிக்கு ஈட்டிய உரிமை என்று நிலைநாட்டியது. அந்த நாளையே ஓய்வூதியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர். உபகாரம் பெறுகிறோம் என்று எண்ணுபவரின் முதுகு வளைவதும், ஈட்டியதைப் பெறுகிறோம் என்று எண்ணுபவரின் முதுகு நிமிர்வதும் வங்கி வரிசையிலேயே காணக்கூடியவை. உளவியல் இதைத் தன்மதிப்பு என்கிறது.

ஓய்வு பெறும் வயது உடலின் உண்மையன்று, ஆட்சியின் முடிவு. முதியோர் காப்பீட்டை 1889-இல் செர்மனியில் பிசுமார்க்கு கொண்டுவந்தபோது வைத்த வயது 70. அது 65 ஆனது 1916-இல், அவர் மறைந்த பின்னர். 65-ஐ அவரே வைத்தார் என்று பல நூல்கள் எழுதுவது பிழை. இந்திய நடுவண் அரசு 55-லிருந்து 58-க்கு 1962-இலும், 58-லிருந்து 60-க்கு 1998-இலும் மாறியது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் 58 என்றிருந்த எல்லையை 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தியவர், இதே எடப்பாடித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்று அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி க. பழனிசாமி.

அவ்விரு ஆணைகளின் பொருளாதாரக் காரணங்களும், வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களின் மனக்குறையும் அன்றைய நாளிதழ்களில் விரிவாகப் பேசப்பட்டன. உளவியல் பக்கத்தை அதிகம் பேர் பேசவில்லை. 2020 மே மாதக் கடைசியில் விடைபெற இருந்த ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஆண்டுக்கு முன்பிருந்தே அவர் உள்ளத்தால் விலகத் தொடங்கியிருப்பார். மேசை இழுப்பறையைத் தூய்மை செய்திருப்பார். 'அடுத்த ஆண்டு யார் பார்க்கப் போகிறார்களோ' என்று பேசப் பழகியிருப்பார். மகளின் திருமணத்துக்குப் பணிக்கொடையைக் கணக்கிட்டு நாள் குறித்திருப்பார். மூன்று வாரம் இருக்கையில் ஓராண்டு நீட்டிப்பு. அது முடியும் முன்னரே மற்றோர் ஆண்டு. சிலருக்கு அது பேறு. சிலருக்கு, புறப்பட்டுவிட்ட பயணியைப் படகிலிருந்து மீண்டும் கரையேறச் சொன்னது போன்றது. வயது எல்லை இரு மாதிரியாகவும் மாறக்கூடும் என்பதை அந்த ஈராண்டு காட்டியது. தேதியை நம்பித் திட்டமிடுவதைவிட, தேதி எதுவாயினும் நிற்கக்கூடிய ஒன்றை நம்பித் திட்டமிடுவது நன்று.

உளவியலார் இதில் என்ன கண்டனர்? 1967-இல் ஓம்சு, ரேகே என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்தை எண்களில் வரிசைப்படுத்தினர். வாழ்க்கைத் துணையின் மறைவு 100, திருமணம் 50, பணி ஓய்வு 45. நாற்பத்துமூன்று நிகழ்வுகளில் அது பத்தாவது இடம். திருமணத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே வீடு முழுவதும் ஆயத்தமாகிறது. அதற்கு ஏறத்தாழ ஈடான ஓய்வுக்கோ ஒரு பிற்பகலில் தேநீர், மிக்சருடன் ஆயத்தம் முடிந்துவிடுகிறது.

இராபர்ட்டு ஆட்சிலி என்னும் அமெரிக்கச் சமூகவியலார் ஓய்வைச் சில கட்டங்களாகப் பிரித்தார். முதலில் தேனிலவு போன்ற களிப்பு: நினைத்தபோது எழலாம், திருப்பதிக்கும் காசிக்கும் போகலாம், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். அடுத்தது ஏமாற்றம்: பார்க்க வேண்டிய ஊர்களைப் பார்த்தாயிற்று, செவ்வாய்க்கும் புதனுக்கும் வேறுபாடு தெரியவில்லை, பழைய அலுவலகத்துக்குப் போனால் புதிய எழுத்தர் 'யார் நீங்கள்?' என்று கேட்கிறார். அதன்பின் தம்மைத் தாமே மறுபடியும் நிலைப்படுத்திக்கொள்ளும் கட்டம், அதன் பயனாக அமைதி. எல்லாரும் இவ்வரிசையில் செல்வதில்லை என்பதை ஆட்சிலியே சொன்னார். இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடுபவரே பேச்சுக்குரியவர்.

அந்த ஏமாற்றம் எதிலிருந்து வருகிறது என்பதற்குப் பொருத்தமான விடை, ஓய்வு பற்றிய ஆய்விலிருந்து வராமல் ஒரு நெசவு ஊரைப் பற்றிய ஆய்விலிருந்து வந்தது என்பது எடப்பாடியாருக்கு வியப்பளிக்கும். ஆசுதிரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நூற்பு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929-30இல் ஆலை மூடப்பட்டது. மரீ யகோதா, பவுல் லாசர்சுபெல்டு, ஆன்சு சைசல் ஆகியோரின் குழு அங்கே தங்கி மக்களைக் கூர்ந்து நோக்கி 1933-இல் நூலாக வெளியிட்டது. வேலை போனதால் நேரம் மிகுந்தது. ஆகவே மக்கள் மிகுதியாகப் படித்திருப்பர் என்றுதானே எவரும் எண்ணுவர்? நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை குறைந்துபோயிற்று. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்தது. அடிக்கடி நின்று நின்று நடந்தனர். ஒரு நாளை எப்படிக் கழித்தாய் என்று எழுதித் தரச் சொன்னபோது, காலைக்கும் நண்பகலுக்கும் இடையே என்ன நடந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கு அந்தத் தளர்வு இல்லை. ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை. சமையலும் துவையலும் அவர்களின் நாளுக்கு முடிச்சுகள் போட்டுக் கொடுத்தன.

இந்த ஆய்விலிருந்து தொடங்கிய யகோதா, வேலை கூலியை மட்டும் தருவதில்லை என்று பின்னாளில் தெளிவுபடுத்தினார். அது நாளுக்கு ஒழுங்கு தருகிறது. குடும்பத்துக்கு அப்பாற்பட்ட மனிதர்களைத் தருகிறது. தனி ஒருவரால் ஆகாத கூட்டு நோக்கத்தைத் தருகிறது. 'இன்னார்' என்ற நிலையைத் தருகிறது. சோம்பி இராதபடி செயலைத் தருகிறது. சம்பளம் நின்றால் ஓய்வூதியம் ஈடு செய்யும். இவ்வைந்துக்கும் ஈடு செய்யும் கருவூலம் எந்த மாவட்டத் தலைநகரிலும் இல்லை. ஓய்வு பெற்றவர் வேலையிழந்தவர் அல்லர், அவருக்கு நாணமும் பசியும் இல்லை என்பது உண்மையே. என்றாலும் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒரே நாளிதழை மூன்று முறை புரட்டும் முன்னாள் கண்காணிப்பாளரின் நடையில் மரியந்தாலின் சாயல் தெரியத்தான் செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணலுக்குச் சென்று, தாம் உயிரோடு இருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்கும் நாளே பலருக்குக் குறிப்பிடத்தக்க வேலைநாளாக அமைந்துவிடுகிறது.

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நடந்து, மலைமேல் ஓரிரவு தங்கும் மரபுரிமை பெற்ற கூட்டத்தைக் கண்டவருக்கு யகோதா சொன்ன கூட்டு நோக்கம் எது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த நடையில் முதியவரும் இளையவரும் ஒரே பாதையில் செல்கின்றனர். அங்கே 'முன்னாள்' இல்லை.

வீட்டுக்குள் நடப்பதும் பேசத்தக்கதே. கணவர் ஓய்வு பெறுகிறார், மனைவி பெறுவதில்லை. முப்பது ஆண்டுகளாகக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தம் ஆட்சியில் இருந்த வீட்டில், அலுவலகத்தை இழந்த ஒருவர் புதிய அலுவலகம் திறப்பதை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பருப்பு ஏன் இங்கே இருக்கிறது, மின்விசிறி ஏன் ஓடுகிறது என்ற ஆய்வுக் குறிப்புகள் தொடங்குகின்றன. சப்பானில், ஓய்வுக்குப் பின் மனைவியை விட்டு அகலாத கணவரை 'நனைந்து ஒட்டிய சருகு' என்று கேலியாகக் குறிப்பிடுகின்றனர். பெருக்கினாலும் துடைப்பத்தோடு வராதாம். அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் ஆண்கள் வீட்டுக்குப் போய் மனைவியரிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். ஓய்வு பெறும் பெண் ஆசிரியருக்கோ வேறு சிக்கல்: அவர் ஓய்வு பெற்ற மறுநாளே பெங்களூரிலோ கடல் கடந்தோ உள்ள பேரக்குழந்தைக்கான பணிநியமன ஆணை வந்துவிடுகிறது.

பணத்தைப் பற்றிச் சிறிதளவு போதும். மனிதன் தன் முதுமையைத் தன்னுடையதாகவே எண்ணுவதில்லை, வேறு யாரோ ஒருவருடையதாக எண்ணுகிறான் என்பது இக்கால உளவியலின் ஒரு முடிபு. தம் முகத்தையே முதுமையுற்றதாகக் கணினிவழி கண்டவர்கள் முதுமைக்கெனக் கூடுதலாகச் சேமிக்க முன்வந்தனர் என்று எர்சுபீல்டு குழுவினர் 2011-இல் காட்டினர். ஒரே நாளில் வரும் பெருந்தொகை கண்ணை மறைக்கும். மகனின் கடைக்கும் நண்பரின் சீட்டுக்கும் போன பணிக்கொடைகளின் கதை இவ்வட்டாரத்தில் புதிதன்று. வந்த தொகையை ஆறு மாதம் தொடாமல் வைத்திருப்பது ஒன்றே இதில் சொல்லத்தக்கது. களிப்பிலும் ஏமாற்றத்திலும் எடுக்கும் முடிவுகள் இரண்டுமே ஆபத்தானவை.

முதுமையில் விலகுவது நன்றா, ஈடுபடுவது நன்றா? 1961-இல் கம்மிங்கு, என்றி ஆகிய இருவர் விலகலே இயல்பு என்றனர். ஆவிகர்சுட்டு முதலானோர் செயலே நலம் என்றனர். இந்த வழக்குக்குச் சங்க இலக்கியமே சான்றுகள் வைத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு போருக்கு எழுந்தபோது, புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கிட்டுக் கேட்டது ஓய்வுக்கால உளவியலின் அடிப்படைக் கேள்வி: வென்றால், உனக்குப் பின் இதை யாருக்கு விட்டுச் செல்வாய்? ஒப்படைக்கத் தெரியாமையே அந்தக் குடும்பத்தின் துன்பம். அதே சோழனின் நண்பர் பிசிராந்தையார், ஆண்டுகள் பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணங்களை அடுக்குகிறார்: மனைவி, மக்கள், ஏவலர், அரசன், இவர்களோடு தம் ஊரில் வாழும் சான்றோர். அவர் சொன்னவற்றுள் மருந்து ஒன்றும் இல்லை, எல்லாம் உறவுகள். முதுமையில் உறவுகள் எண்ணிக்கையில் குறைந்தாலும் நெருக்கத்தில் செறிகின்றன என்று இலாரா கார்சுடென்சன் எழுதியதைப் பிசிரூர்ப் புலவர் மறுக்கமாட்டார்.

விலகல், செயல் என்னும் இரண்டுக்கும் இடையே ஆட்சிலி பின்னாளில் தொடர்ச்சி என்ற ஒன்றை வைத்தார். ஓய்வுக்குப் பின் நன்றாக வாழ்பவர், புதிதாக ஒன்றைத் தொடங்குபவரைவிட, முன்பே இருந்ததை வேறு உருவில் தொடர்பவரே என்பது அதன் சாரம். அதற்குச் சேலத்தோடு தொடர்புடைய இரு சான்றுகள் உண்டு. தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் பணியாற்றி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, 1961-இல் அங்கிருந்து வெளியேறினார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அவருக்கு நாற்காலி இல்லை. சொல்லாராய்ச்சி நிற்கவில்லை, 1966-இல் உலக முதற்செம்மொழி பற்றிய ஆங்கில நூலும் 1969-இல் திருக்குறள் தமிழ் மரபுரையும் வெளிவந்தன. 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது 72. வேலை அவரிடம் முன்பே இருந்தது. பதவிதான் பிந்தி வந்தது.

மற்றவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீபு கேட்ட ஒரு கேள்வி அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியது. அந்தத் தேடல் அவருடைய கல்லூரி வேலையின் பகுதி அன்று. ஆகவே 1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது அத்தேடலுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பெருங்கதை 1924-இல், குறுந்தொகை 1937-இல், அவருடைய எண்பத்திரண்டாம் வயதில் வெளிவந்தன. 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திர'த்தை எழுதினார். முதியோர் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சி அன்று, வாழ்வைக் கணக்கெடுத்து ஒப்புக்கொள்ளும் இயல்பான வேலை என்று இராபர்ட்டு பட்லர் என்னும் மருத்துவர் 1963-இல் எழுதினார். ஐயர் அதைச் செய்து காட்டி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முடிவுறாமல் நின்றது. சென்னைக்கு வந்த காலத்தையே அது எட்டவில்லை. ஓய்வு பெற்ற கதையை எழுத அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

இந்த அவையில் உள்ள கவிஞர்களுக்குச் சற்றுக் கசப்பான செய்தி ஒன்று. ஓய்வுக்குப் பின் கவிதைக்கு வருவோர் பலர். அவருள் சிலர் கவிதையைத் தேடி வருவதில்லை. இழந்த நாற்காலியைத் தேடி வருகின்றனர். கவியரங்கத் தலைமை, முதல் வரிசை இருக்கை, அழைப்பிதழில் பெயரின் இடம், பொன்னாடையின் எண்ணிக்கை என அலுவலகத்தின் மூப்புப் பட்டியல் அப்படியே இலக்கிய வட்டத்துக்குள் குடிபெயர்கிறது. யகோதா சொன்ன ஐந்தில் நிலை ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிடுவதால் வரும் வினை இது. நிலையைப் பிறர் தர வேண்டும். தருபவர் ஒருநாள் நிறுத்தினால் மீண்டும் அதே ஏமாற்றம். நாள்தோறும் விடியலில் பத்து வரி எழுதிப் பாதியை அடித்துவிடும் கவிஞருக்கு அந்த இடர் இல்லை. பியானோக் கலைஞர் ஆர்தர் உரூபின்சுடைன் முதுமையில் குறைந்த பாடல்களையே தேர்ந்தார், அவற்றை மிகுதியாகப் பயின்றார், விரைவான பகுதிக்கு முன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து விரைவுத் தோற்றத்தை உண்டாக்கினார் என்பதைப் பவுல் பால்டெசு என்னும் உளவியலார் எடுத்துக்காட்டாக ஆண்டார். தறியிலிருந்து தாருக்கு இறங்கிய நெசவாளர் செய்ததும் அதுவே.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. பாவு, ஊடை, தார், அச்சு, விழுது, நாடா, மிதி என்று தொடங்கிக் கைத்தறிக்கே உரிய சொற்கள் முதிய நெசவாளர் வாயில் இருக்கின்றன. பாவு பிணைக்கும் முறைக்கும், இழை அறும் வகைகளுக்கும், கஞ்சியின் பதத்துக்கும், தறியோசையின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்களிடம் வழக்குச் சொற்கள் உண்டு. குழித்தறிகள் மூடப்படும் வேகத்தில் அவையும் மூடப்படுகின்றன. ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம் நேரம் இருக்கிறது, ஏடும் எழுத்தும் இருக்கின்றன, சொல் இல்லை. திண்ணையில் இருக்கும் நெசவாளரிடம் சொல் இருக்கிறது, கேட்பார் இல்லை. வாரம் இரு காலைப்பொழுது, இருவர் இருவராகத் தெருத் தெருவாகச் சென்றால் ஓராண்டில் ஒரு சொற்றொகுதி உருவாகும். அதற்குத் தலைமை தேவையில்லை. பொன்னாடை செலவும் இல்லை. சொல் கொடுத்தவரின் பெயரும் தெருவும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அச்சாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காலை ஏழு மணிக்குப் போவது நல்லது. அந்நேரம் அவர்கள் தார் சுற்றிக்கொண்டிருப்பர்; இராட்டையை நிறுத்தாமலே பேசுவர்.